அத்தையிடம் எதுவும் தங்காது

அந்த ஞாயிற்றுக்கிழமை சியாந்தார் தேவாலயத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் இருந்தோம்: அத்தை, அப்பா, அம்மா, நான். தங்கைக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. அத்தையின் கணவர், எங்கள் மாமா, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "நான் வரல லா. உங்க அத்தை ஊருல இல்லாத மூணு நாளாச்சும் வீட்டுல சாமான் வச்ச எடத்துலயே இருக்கும். அத நான் உக்காந்து பாக்கணும்."

சியாந்தார் சுமாத்ராவில் இருக்கிறது. பினாங்கிலிருந்து மேடானுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாத விமானப் பயணம், அங்கிருந்து காரில் இன்னும் இரண்டு மணி நேரம். அன்று அந்தத் தேவாலயத்தில் அத்தை செய்ததையும், அதற்கு மறுநாள் செய்ததையும் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தை போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் என்பதால் ஈப்போவில் எங்கள் சபையின் செய்திமடலுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். 'தாராள மனம் படைத்தவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் பார்த்தபோது யாரோ ஒரு பணக்கார அம்மாவைப் பற்றிப் படிப்பது போல இருந்தது. அத்தை ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை செய்தவர். அவரிடம் தாராளமாக எதுவும் இருந்ததில்லை. வந்த எதுவும் தங்கியதில்லை, அவ்வளவுதான்.

நான் தஞ்சோங் மாலிமில் படித்து முடித்து, ஆசிரியராகி, முதல் சம்பளத்தில் அத்தைக்கு ஒரு கைப்பை வாங்கிக் கொடுத்தேன். பழுப்பு நிறம், உள்ளே மூன்று அறை. அத்தை அதைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து, "எனக்கா? எனக்கே எனக்கா?" என்று கேட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். அந்த மாதம் முடிவதற்குள் அதே பையை ஈப்போ பேருந்து நிலையத்தில் ஒரு நேப்பாளப் பெண்ணின் தோளில் பார்த்தேன். அத்தை அவளை வழியனுப்ப வந்திருந்தார்.

"என் கூட வேல செய்யிற புள்ளடா. அஞ்சு வருசம் கழிச்சி ஊருக்குப் போவுது. பிளாஸ்டிக் பையத் தூக்கிட்டுப் போவுமா?"

"அது நான் வாங்கிக் குடுத்தது அத்தை."

"நீதான் வாங்கிக் குடுத்த. நான் வாங்கிக்கிட்டேன்ல? அன்னைக்கி எவ்ளோ சந்தோசப்பட்டேன், பாத்தல்ல? அது வந்தாச்சுடா. பை இப்ப போவுது. போவட்டும்லா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. வாங்கிக்கொள்ளும்போது அத்தையைப் போல முகம் மலர்ந்து வாங்கிக்கொள்கிறவரை நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். கொடுத்தவர்களுக்கு மனம் நிறைந்துவிடும். பிறகுதான் பக்கத்து அடுக்குமாடியில், எங்கோ ஒரு கல்யாண வீட்டில், அந்தப் பொருள் வேறொருவரிடம் இருப்பதைப் பார்ப்பார்கள். சிலர் அதற்குப் பிறகு அத்தைக்கு எதுவும் கொடுப்பதில்லை. சிலர் பேசுவதே இல்லை. அத்தைக்கு ஏன் என்று விளங்காது. "கேக்கு கொண்டு வருவாளே, ஏன்டா இப்ப வரதில்ல?" என்று என்னிடமே கேட்பார்.

மாமா இதோடுதான் காலம் தள்ளினார். குலுக்கலில் பரிசு விழுந்த மின்சார சோற்றுப்பானை, நின்ற இடத்தில் நின்று சுழலும் விசிறி, அவருக்கு வந்த சட்டைத் துணி எல்லாம் போயின. ஒருமுறை அவர் வெளியூருக்கு லாரி ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது அவருடைய சாய்வு நாற்காலி இல்லை.

"வீட்டுல நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னையும் யாராச்சும் கேட்டா தூக்கிக் குடுத்துருவா."

"கேட்டாங்கதான்லா," என்றார் அத்தை, வெங்காயம் நறுக்கியபடியே. "ரெண்டு நாள் வச்சிப் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க."

அப்பாவுக்கு இதில் ஒரு கருத்து உண்டு. கோலா கங்சார் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது நாலு குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே ஒரு லாரிதான் கிடைத்ததாம். மழையில் பாதிச் சாமான் தார்ச் சடக்கு ஓரத்திலேயே நின்றுபோயிற்றாம். "அன்னைக்கி விட்டுப்போச்சு அக்காவுக்கு. பொருள் மேல பற்று விட்டுப்போச்சு," என்பார் அப்பா. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே லாரியில் வந்தவர்தான் அப்பாவும். அவர் பழைய மோட்டார் சைக்கிள் டயரைக்கூட வெளியே போட விடமாட்டார்.

எங்கள் சபையில் அத்தையின் பழக்கம் யாருக்கும் உறுத்தவில்லை. அங்கே அதுதான் நடைமுறை. வெளியூரிலிருந்து போதகர் வந்தால் பொன்னாடை, மாதர் சங்கத் தலைவிக்குப் பொன்னாடை, பாட்டுக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்க வந்தவருக்குப் பொன்னாடை. போர்த்துவார்கள், கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள். போர்த்திக்கொண்டவர் அதை மடித்துப் பையில் வைப்பார். அடுத்த மாதம் அவர் போகிற இடத்தில் அது இன்னொருவர் தோளுக்கு ஏறும். எங்கள் மாதர் சங்கம் அத்தைக்கு ஒருமுறை பச்சை நிறத்தில் ஒன்று போர்த்தியது. மறு ஞாயிறு தைப்பிங்கிலிருந்து வந்த பிரசங்கியார் தோளில் அதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

சியாந்தார் அக்கா அத்தைக்குக் கிடைத்தது தோட்டத்தில் இருந்த காலத்தில். தோட்ட அலுவலகக் கிராணி வீட்டில் பழைய மலாய்ப் பெண்கள் பத்திரிகைகள் கட்டாகக் கிடக்கும். அதில் பேனா நண்பர் பக்கம். பதினேழு வயதில் அத்தை தன் பெயரையும் தோட்டத்து முகவரியையும் அனுப்பிவைத்தார். பதில் போட்டவர்களில் நின்றது ஒருவர்தான். சுமாத்ராவில், பாத்தாக் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண். அவருடைய அப்பாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அவர்களும் கிறிஸ்துவர்கள். அத்தையைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் முதல் கடிதத்திலிருந்தே அக்கா. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அவர் 'சியாந்தார் அக்கா'தான். லயம் போனது, இருவருக்கும் கல்யாணம் ஆனது, அங்கே நான்கு பிள்ளைகள் பிறந்தது, இங்கே ஒன்றும் பிறக்காதது, எல்லாம் கடிதத்தில் போய் வந்தது. பிறகு கைப்பேசி வந்தது. ஒரு நாள் அக்காவிடமிருந்து இரண்டு வரி: 'முழங்கால் போய்விட்டது. என்னால் விமானம் ஏறி வர முடியாது. நீ வா.'

அத்தை அன்று இரவே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கைப்பேசியை நீட்டினார். "போலாம்டா தம்பி. பாக்காமயே இருந்துட்டுப் போயிருவேனோன்னு இருக்கு."

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். அக்கா வாசலில் தடி ஊன்றி நின்றிருந்தார். அத்தை காரிலிருந்து இறங்கி நேரே போய் அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "இதுதான் அந்தக் காலா?" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் மலாயில்தான் பேசினார்கள், அவரவர் ஊர் மலாயில். நான் அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

பசியாறியதும் அக்கா ஒரு பெரிய ரொட்டி டின்னைக் கொண்டுவந்து வைத்தார். திறந்தால் அத்தையின் கடிதங்கள், வருட வாரியாக நூல் கட்டி. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னோடத நீ எப்படி வச்சிருக்க?" என்று அக்கா கேட்டார்.

அப்பா கூரையைப் பார்த்தார். எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அத்தைக்கு ஒரு சங்கடமும் இல்லை. "இல்லக்கா. படிச்சி முடிச்சதும் யாராச்சும் கேப்பாங்க. தபால்தலைய பிள்ளைங்க எடுத்துக்கும். கடிதாசிய கூட வேல செய்யிறவளுங்க படிக்க எடுத்துட்டுப் போவாளுங்க. உங்க கதைன்னா அவளுங்களுக்கு உசிரு."

அக்காவின் முகம் ஒரு கணம் கறுத்தது. அப்போது அத்தை சொல்ல ஆரம்பித்தார். அக்காவின் இரண்டாவது மகனுக்கு அம்மை போட்டபோது வீட்டில் எந்தப் பக்கமாகப் படுக்க வைத்திருந்தார்கள், மாமியார் எந்தப் பாத்திரத்துக்காக ஒரு மாதம் பேசவில்லை, வீட்டுக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்தை எதற்காக வெட்டினார்கள். மூத்த மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது எங்களுக்கே மறந்துபோச்சே," என்றாள். அக்கா டின்னை மூடி நகர்த்தி வைத்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அந்தக் கையை அவர் விடவே இல்லை.

சனிக்கிழமை மாலை அக்காவின் சொந்தக்காரர்கள் கூடத்தில் நிறைந்தார்கள். அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பாத்தாக் மொழியில் நீளமாகப் பேசினார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு ஜெபம். பிறகு அக்காவும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரு துணியை அத்தையின் தோளில் போர்த்தினார்கள். கறுப்பும் அடர் சிவப்புமாகக் கையால் நெய்தது, ஓரங்களில் நூல் குஞ்சம். உலோஸ் என்றார்கள். அக்காவின் அம்மா கண் மங்குவதற்கு முன் கடைசியாக நெய்ததாம். "இனிமே இது உன் வீடு," என்று மட்டும் அக்கா மலாயில் சொன்னார்.

அத்தை துணியை முகத்தோடு வைத்து அழுதார். எப்போதும் போல முழுதாக வாங்கிக்கொண்டார்.

"பாத்தியா, இங்கயும் பொன்னாட போத்துறாங்க லா," என்று அப்பா என் காதில் சொன்னார். "நம்ம ஆளுங்க மாதிரியேதான்." நானும் ஆமாம் என்றேன். பட்டம் வாங்கியவன் சொன்னதால் அது உறுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா, "அதப் போட்டுக்கிட்டு வா," என்றார். அத்தை சேலைக்கு மேல் உலோஸைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆராதனையின் நடுவில் போதகர் மலேசியாவிலிருந்து வந்தவர்களை முன்னால் அழைத்து வாழ்த்துச் சொல்லச் சொன்னார். அத்தை ஒலிவாங்கியைப் பிடித்து ஈப்போ சபையின் அன்பைத் தெரிவித்தார். நன்றாகவே பேசினார்.

அப்போது அம்மா அவர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "அண்ணி, ஐயருக்குப் போட நாம ஒன்னும் கொண்டு வரலியே?"

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவரை வெறுமனே வாழ்த்திவிட்டு இறங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. "இதோ இருக்குல்ல," என்றார் அத்தை. தோளிலிருந்து உலோஸை எடுத்தார், உதறினார், இரண்டு அடி முன்னால் போய்ப் போதகரின் அங்கிக்கு மேல் போர்த்திவிட்டுக் கும்பிட்டார்.

அப்பா கைதட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

நூற்றுக்கணக்கான பேர் அமர்ந்திருந்த இடத்தில் ஒரு குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. போதகர் துணியைப் பார்த்தார், பிறகு முதல் வரிசையில் அக்காவைப் பார்த்தார். அக்கா தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தார். போதகர் நல்ல மனிதர். அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். அத்தை சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா முன்னிருக்கையில் இருந்தார். பாதி தூரம் வந்தபின் திரும்பாமலே சொன்னார்: "உனக்குன்னு குடுத்தேன். நீ ஒரு நாள்கூட வச்சிக்கல."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போனவர் மாலை வரை வெளியே வரவில்லை.

அக்காவின் கணவர்தான் எங்களை உட்கார வைத்து விளக்கினார். அவருடைய குரலில் கோபம் இல்லை, அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது. மூத்தவர்கள் இளையவர்களை அதைப் போர்த்தித் தங்கள் ஆளாக எடுத்துக்கொள்வார்களாம். போர்த்திக்கொண்டவர் கடைசிவரை வைத்திருப்பாராம். நேற்று அவர் நீளமாகப் பேசியது, சொந்தக்காரர்கள் முன்னிலையில் அத்தையைத் தங்கை என்று அறிவித்தது. "அத இன்னொருத்தர் தோள்ல போட்டுட்டா," என்றார், "நான் வாங்கிக்கலன்னு சொன்ன மாதிரி. சபைக்கே சொன்ன மாதிரி."

"எங்க ஊருல இது மரியாதைங்க," என்றார் அப்பா.

"தெரியுது. என் வீட்டுக்காரிக்கும் நாளைக்கிப் புரியும். ஆனா அது அவ அம்மா நெய்தது."

அத்தை அன்று சாப்பிடவில்லை. இதுவரை எத்தனையோ பேர் அவரிடமிருந்து ஒதுங்கிப் போயிருக்கிறார்கள், அவர் கேக்கு வரவில்லையே என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். அன்று என்னைப் பார்த்து, "அந்த நேப்பாளத்துப் புள்ளகிட்ட பைய நீ பாத்தப்ப உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றார்.

நான் தலையசைத்தேன்.

"சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னேன் அத்தை."

"அப்படிச் சொன்னா எனக்கு வெளங்குமா? சத்தம் போட்டுச் சொல்லியிருக்கணும்."

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு விமானம். காலையில் பெட்டிகளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அக்கா வாசலில் நின்று மரியாதையாக எல்லோருக்கும் கை கொடுத்தார். அத்தைக்கும் அதேபோலத்தான் கொடுத்தார். அத்தை அந்தக் கையைப் பார்த்தார்.

"தம்பி, ஐயர் வீட்டுக்கு விடச் சொல்லு."

"எதுக்குக்கா?" என்றார் அப்பா.

"கேட்டு வாங்கப் போறேன்."

"குடுத்தத திருப்பிக் கேப்பாங்களா? மானம் போயிரும்லா! பிளேனும் போயிரும்."

"போவட்டும்," என்றார் அத்தை. அக்காவிடம் திரும்பி, "நீங்களும் வாங்கக்கா. வந்து கார்லயே உக்காருங்க, எறங்க வேணாம். நான் கேக்குறது உங்க காதுல விழுந்தாப் போதும்," என்றார்.

அக்கா வருவாரென்று நான் நினைக்கவில்லை. தடியை எடுத்துக்கொண்டு வந்து ஏறினார்.

போதகர் வீட்டில் இல்லை. மலையடிவாரக் கிராமம் ஒன்றில் துக்க வீடு, மதியத்துக்குள் வந்துவிடுவார் என்றார் அவர் மனைவி. அத்தை முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மலாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போய்க் கேட்டேன். கேட்க வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "வேணும்னு சொல்றதுக்கு மலாயில எது மரியாதையா இருக்கும்டா? நான் யாருகிட்டயும் சொன்னதில்லையே."

அந்த நேரத்தில் மாமா என்னை அழைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"யாரு, உங்க அத்தையா திருப்பிக் கேக்குறா?"

"ஆமா மாமா."

"என் நாற்காலிய இப்பிடிக் கேட்டிருக்கலாம்," என்றார். பிறகு, "நல்லா வெளங்குற மாதிரி கேக்கச் சொல்லு. கூச்சப்பட்டு நடுவுல விட்டுறப் போறா," என்றார்.

எங்கள் விமானத்துக்கு உள்ளே நுழையும் நேரம் கடந்தபோது அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் போதகர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை எழுந்துவிட்டார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஐயா, நேத்து போட்டது உங்களுக்கு இல்ல. அது என்னோடது. எனக்கு வேணும்."

கார் கதவு திறந்துதான் இருந்தது. அக்கா கேட்டார்.

போதகர் அலமாரியிலிருந்து உலோஸை எடுத்தார், மடிப்புக் கலையாமல் இருந்தது. அத்தை இரண்டு கையையும் நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. "நான் குடுக்கக் கூடாதும்மா. இது என் கையால வந்தா அதுவும் தப்பாப்போவும். போத்துனவங்கதான் மறுபடி போத்தணும்," என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். அக்கா தடியூன்றி ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார். போதகரின் மனைவி, சாட்சிக்கு ஆள் வேண்டும், சாப்பாடு வேண்டும் என்று பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்தார். யாரோ ஓடிப்போய், இப்படிப்பட்ட சடங்குக்கென்றே சமைக்கிற குளத்து மீன் வாங்கி வந்தார்கள். மஞ்சளும் மசாலாவும் சேர்த்து, தலையும் வாலும் சிதையாமல் அது வேகும்வரை நாங்கள் எல்லோரும் அந்தச் சின்ன முன்னறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அக்காவின் கணவரும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

மீனும் சோறும் வந்தபின் அவர்கள் இருவரும் மறுபடி ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்த்தினார்கள். இந்தமுறை பேச்செல்லாம் மலாயில், எங்களுக்குப் புரிய வேண்டும் என்று.

"இப்ப வச்சிக்குவியா?" என்று அக்கா கேட்டார்.

"வச்சிக்குவேன்."

"யாராச்சும் கேட்டா?"

அத்தை யோசித்தார். பொய் சொல்லப் பிடிக்காதவர் யோசிக்கிற மாதிரி உண்மையாகவே யோசித்தார். "கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார். "ஆனா குடுக்க மாட்டேன்லா."

அக்கா அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மீனின் தலைப் பக்கத்தைக் கிள்ளி அத்தையின் வாயில் வைத்தார்.

அன்று இரவு அக்கா வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் விமானத்தில் உடனடி டிக்கெட் நான்கு, காருக்கு இன்னொரு நாள் வாடகை. மீனுக்கு யாரும் காசு வாங்கவில்லை. விமான நிலையத்தில் அப்பா ரூப்பியாக் கணக்கைப் பார்த்துவிட்டு, "லச்சத்துலயா?" என்று நெஞ்சில் கை வைத்தார். "குடுத்துரு தம்பி," என்றார் அத்தை, துணியின் இரண்டு ஓரத்தையும் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு. அத்தை ஒரு பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதற்கு ஆன செலவு நாற்பத்து நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூப்பியா, எங்கள் காசில் ஆயிரத்து இருநூற்று எண்பது ரிங்கிட்.